புரதத்துக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் எனக்கு முதல் துரோகம் செய்தது நரி வித்யாபதி. இரண்டாவது, கீரி கோமளம். மூன்றாவது யானை, ஆனால் அதற்கு நான் யாரென்றே தெரியாது. நான் அங்கே சுமை தூக்கும் கழுதை.

வித்யாபதி ஓர் ஆய்வுக்கூடம் நடத்தியது. "மனிதர்கள் இத்தனை காலம் எலியையும் குரங்கையும் வைத்து ஆராய்ந்தார்கள். இனி நாம் மனிதனை ஆராய்வோம்" என்று மரத்தடிக்கு மரத்தடி பேசியது. அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு மனிதப் புரதத்தை வரவழைத்தது. மனிதச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் கூட்டமாகச் சேர்ந்து நின்று, எதை உள்ளே விடலாம் என்று பார்க்கிற புரதமாம்.

"எந்த மனிதனை அறுத்து எடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரையும் அறுக்கவில்லை யோவ். மனிதனின் மரபணுவைப் பூச்சியின் செல்லுக்குள் வைத்துச் செய்தது."

"அப்படியானால் பூச்சி சமைத்த மனிதன் என்று சொல்லும்."

"உனக்கு எதற்கு இதெல்லாம்? ஆற்றங்கரையிலிருந்து பெட்டியைக் குளிர் குறையாமல் கொண்டு வா. பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை சாகும்வரை உனக்கு."

மழையில் நனைந்து நனைந்து என் முதுகு புண்ணாகிக் கிடந்தது. ஒப்புக்கொண்டேன்.

உலர்பனி நிரப்பிய பெட்டி என் உயரம் இருந்தது. உள்ளே இருந்த குப்பி என் காதில் ஒட்டும் உண்ணி அளவு. வெயில் ஏறுமுன் ஓடிவந்து இறக்கினேன். ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்த கோமளம் திறந்து பார்த்து, "கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு பெரியப்பா" என்றது. தன் வாயால் சொன்னது.

பிறகு நரியிடம் போய், "ஐயா, ஒரே ஒரு தடவை இளக்கி, சின்னச் சின்னக் குழாயில பிரிச்சு உறைய வச்சிடலாம். சும்மா சும்மா இளகினா கெட்டுடும்" என்றது.

"யானைத் தலைவர் வருவதற்கு முன்னால் பிரிப்பதா? அறிவிருக்கிறதா உனக்கு? முழுசாக இருந்தால்தானே படத்தில் விழும்!"

மறுநாள் விழா. குப்பியைத் தட்டில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மயில் வரவேற்புப் பாடல் பாடி முடிப்பதற்குள் மேடையெல்லாம் வெயில். தாமதமாக வந்த யானை, குப்பிக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடைக்குள் குப்பியைக் காணாமல் எல்லோரும் தேடினார்கள். கிடைத்ததும் யானை அதைத் தும்பிக்கையில் பிடித்தபடி புரதத்தின் பெருமையைப் பேசியது. கடைசிவரை முட்டையில் இருக்கிற புரதத்தைப் பற்றியே பேசியது. நரி கைதட்டியது.

அதன் பிறகுதான் குப்பி குளிர்பெட்டிக்குப் போனது. சோதனைக்கு எடுத்தபோது திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக இருந்தது. ஒன்றுக்கும் உதவவில்லை.

விசாரணை வைத்தார்கள். நீதிபதி யானை.

"வரும்போதே பெட்டி வெதுவெதுப்பா இருந்துச்சுங்க" என்றது கோமளம். அன்று காலைதான் அதற்கு வேலை நிரந்தரமாகியிருந்தது.

"அடிப் பாவி, கல்லு மாதிரின்னு நீதானே சொன்னே!"

"கழுதை உடம்புச் சூடு பெட்டிக்குள் இறங்கிவிட்டது தலைவரே. பிறவிக் கோளாறு, பாவம்" என்று நரி எனக்காக வருத்தப்பட்டது.

யானை தலையாட்டியது. யானை எப்போதும் தலையாட்டும். அதையே தீர்ப்பு என்று எழுதிக்கொண்டு, கொட்டகையைப் பூட்டினார்கள்.

இப்போது இரண்டாவது குப்பி வருகிறது. சுமக்க வேறு கழுதை அகப்படாமல் என்னையே கூப்பிட்டார்கள். தலைவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். மேடைக்குக் கூரை போடுகிறார்கள். என் கொட்டகைத் தகரத்தைப் பிரித்துத்தான். குப்பி வைக்கும் மேசை மட்டும், படம் பளிச்சென்று விழுவதற்காக, வெளியே வெயிலில்.

நீதி: பொருளைக் கெடுத்தவனுக்குக் கைதட்டல், சுமந்தவனுக்குத் தண்டனை. ஆகவே சுமப்பவர்களே, வழியிலேயே கெடுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள். வாங்கும் திட்டிலாவது ஒரு நியாயம் இருக்கும். வித்யாபதி, எனக்குக் கொட்டகை இன்னும் பாக்கி.