அமெரிக்காவில் லோ வோல்டேஜ்

நான் குறட்டை விடுவேன் என்பதை ஐம்பத்து நான்கு வயது வரை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் பொறாமை என்றுதான் நினைத்தேன். (தூக்கம் வராத மனுஷன், தூங்குறவளைப் பார்த்து வேற என்ன சொல்லுவார்?) கடைசியில் டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க்கும், தொண்டை அடைத்துக்கொள்ளாமல் அதற்குள் காற்றை ஊத ஒரு சின்ன மெஷினும் வாங்கச் சொன்னார். “ஒரு நாள் கூட இது இல்லாமப் படுக்காதீங்கம்மா” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதை மாட்டிக்கொண்டு படுத்தால் குறட்டையும் வருவதில்லை.

அடுத்த வருடம், அமெரிக்காவில் இருக்கும் என் மகள் கவிதா ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லி டிக்கெட் எடுத்தாள். அவள் மாமியாரும் அப்போது அங்கேதான் இருப்பாராம். வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று மகளுக்கும் மருமகனுக்கும், இன்னொன்று சம்பந்திகள் இருவருக்கும். சம்பந்தியம்மா விழுப்புரத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு அளந்து வரும். புடவை மடிப்பு கலையாது. அவர் பக்கத்தில் நான் குறட்டை விட்டுப் படுத்தால் என் மானம் என்ன ஆவது? மூச்சு நிற்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. எப்பாடு பட்டாவது மெஷின் அங்கே ஓடியாக வேண்டும்.

அமெரிக்காவில் கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட்தான், நம் ஊரில் பாதி என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், என் அறிவு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தியாகதுருகம் பக்கம் எங்களுக்கு நெல்லும் மரவள்ளியும். மூன்று போர் மோட்டாரையும் நான்தான் போட்டு நிறுத்துவேன். வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது மோட்டாரைப் போட்டால் காயில் கருகிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். (இரண்டு மோட்டாரைக் கருக்கித்தான் கற்றுக்கொண்டேன்.) ஒரு தேசமே வருடம் முழுக்க லோ வோல்டேஜில் எப்படித்தான் காலம் தள்ளுகிறதோ என்று அந்த ஜனங்கள் மேல் இரக்கமே வந்தது.

எங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டும் பாயின் கடை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. நேரே அங்கே போய், வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கட்டித் தரச் சொன்னேன்.

பாய் தலையைச் சொறிந்தார். “சின்ன மிஷின்தானக்கா? அதோட வயர்ல ஒரு கருப்பு டப்பா இருக்குமே, அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாத்தீங்களா?”

“எழுத்தைப் பாத்துக்கினா நான் மோட்டார் ஓட்டுறேன்? அனுபவம் பாய்! நாளைக்கு கிரைண்டர் போட்டாலும் தாங்கணும். ஜாஸ்தியாவே கட்டுங்க.”

கட்டினார். ஒன்பது கிலோவில் ஓர் இரும்புப் பெட்டி. காயிலுக்குப் பூசிய வார்னிஷ் நன்றாகக் காய இரண்டு நாள் வெயிலில் வைக்க வேண்டும் என்றார். எனக்கோ மறுநாள் விமானம். “கொஞ்சம் கம்மியாக் காஞ்சா இன்னா பாய், அது குளுரு ஊரு” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகளுக்காகச் செய்த அதிரசமும், வெள்ளிமலையிலிருந்து வரவழைத்த தேனும் எடை தாங்காமல் வீட்டிலேயே தங்கிவிட்டன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, “இன்னாம்மா இது?” என்றார்.

“வோல்டேஜ் ஏத்துற பெட்டி சார். அந்த ஊர்ல கரண்ட் கம்மி.”

அவர் இன்னும் மூன்று அதிகாரிகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். பெட்டியை அல்ல, என்னை. என் முன்யோசனையைப் பார்த்து அசந்துபோனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டு. சாப்பிட்டதும் கண் சொருகியது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மெஷினைப் பெட்டியில் மாட்டி, அந்த ஊருக்கென்று பாய் பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்த தட்டைக் கால் பிளக்கைச் சுவரில் செருகினேன். பெட்டி ‘ம்ம்ம்ம்’ என்று உறுமத் தொடங்கியது. என் குறட்டையை மறைக்கக் கொண்டுபோன பெட்டி என்னைவிடச் சத்தமாகக் குறட்டை விட்டது.

“சம்பந்தி, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

“ஒன்னுமில்லீங்க, கொஞ்சம் கனைச்சேன்.”

பெட்டிமேல் இரண்டு துண்டைச் சுற்றினேன். அப்புறம் ஒரு போர்வை. அதற்கும் மேலே என் ஸ்வெட்டர். சத்தம் அடங்கியது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி தூங்கினேன்.

அரைத் தூக்கத்தில் காயில் கருகும் வாசனை வந்தது. நம் கழனியில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில், “மோட்டாரை நிறுத்துங்க, சனியனே!” என்று வீட்டுக்காரரைத் திட்டினேன். அதற்குள் கூரையில் இருந்த ஏதோ ஒன்று காது கிழியக் கத்தத் தொடங்கியது. காயாத வார்னிஷ் போர்வைக்குள் வெந்து அறை முழுக்கப் புகை. கவிதா ஓடி வந்து எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, என்னையும் மாமியாரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கட்டிடத்தில் ஓர் இடத்தில் மணி அடித்தால் நாலு மாடிக்கும் அடிக்குமாம். குழந்தை குட்டி, நாய் எல்லாம் தெருவுக்கு வந்து குளிரில் நின்றன. எல்லாருக்கும் நடுவில் நான், மூக்கில் மாஸ்க், அதிலிருந்து தொங்கும் குழாய், இடுப்பில் மெஷின்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆறடிக்கு மேல் இருந்த ஒருவர் உள்ளே போய், கருகிய போர்வையோடு பெட்டியைத் தூக்கி வந்தார். கவிதா ஏதோ விளக்கினாள். அவர் என் இடுப்பில் இருந்த மெஷினின் வயரைப் பிடித்து, அந்தக் கருப்பு டப்பாவைத் திருப்பி ஒரு வரியை விரலால் காட்டினார். கவிதா உரக்கப் படித்தாள்.

“நூறுல இருந்து எரநூத்தி நாப்பது வோல்ட் வரைக்கும். அம்மா, இது எந்த ஊரு கரண்டுலயும் ஓடும்மா! அப்படியே செருவியிருந்தாப் போதும்!”

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? மாஸ்க்கைக் கழற்றிவிட்டு சம்பந்தியம்மா பக்கம் திரும்பினேன். “நான் குறட்டை வுடுவேங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இவ்ளோ கூத்தும். மன்னிச்சுக்குங்க.”

அவர் என் கையிலிருந்த மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசியபோது தலைமையாசிரியைத் தமிழ் எங்கோ போயிருந்தது. “நானும்தாங்க சம்பந்தி. எங்க வூட்டுல பக்கத்து ரூம்ல கூட யாரும் படுக்க மாட்டாங்க. நீங்க வரீங்கன்னதுல இருந்து எங்க தூங்கறதுன்னு பயந்துக்கினு இருக்கேன். டிவி பாக்கறேன்னு சொல்லிட்டு சோபாவுல உக்காந்துக்கினே ராத்திரிய ஓட்டிடலாம்னு இருந்தேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு அந்த மெஷினை வாங்கிய நாளில்கூட இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவரும் டாக்டரைப் பார்த்தார். அவருக்கும் ஒரு மெஷின் வந்தது. போன வருடம் கவிதா வந்திருந்தபோது எல்லாருமாக ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போனோம். தங்கிய இடத்தில் எங்கள் அறைக்கு இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது, நீங்க போடுங்க என்று நான் அவர் பிளக்கைச் செருக, இல்லை நீங்கதான் என்று அவர் அதைப் பிடுங்கி என்னுடையதைச் செருக, குரல் உயர்ந்து, இருவரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி மெஷினே இல்லாமல் தூங்கிப்போனோம். எழுந்து வந்து பார்த்தால் மகளும் மருமகனும் ஜீப்புக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கவிதா இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. “மத்த வூட்டுல சம்பந்தி சண்டைன்னா சீருக்காக வரும். எங்க வூட்டுல பிளக் பாயிண்டுக்காக வந்துச்சு. ரெண்டு பேரும் வுட்டுக்குடுத்தாங்க, நாங்கதான் தூங்கல.”