குணசுந்தரி போட்ட மல்பெரி ஜூஸ்

கையில் கிளாஸோடு தர்மலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். இந்த மல்பெரி ஜூஸை எங்கே ஊற்றுவது?

மூட்டுவலிக்கு யாரையும் கேட்காமல் நாளெல்லாம் வலி மாத்திரை விழுங்கியதில் மனிதருக்கு ஈரல் கெட்டுவிட்டது. "இப்படியே போனா வார்டுலதான் படுக்கணும். மாத்திரையை விடுங்க, நடங்க," என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாத்திரை போடாமல் நடக்கவே முடியாது என்பது தர்மலிங்கத்தின் கட்சி.

மனைவி குணசுந்தரி வாதாடவில்லை. வேளைக்கு ஒரு கிளாஸ் நீட்டினாள்.

"பெர்ரியில ஆன்டி ஆக்சிடன்ட் இருக்காம். மருந்து கெடுத்த ஈரலைக் காப்பாத்துமாம். போன்ல வந்துச்சு."

"மல்பெரி இனிக்குமே, சுந்தரி?"

"பழுத்தது வேணாங்க. பச்சைக் காய்தான் நல்லது. கூட வேப்பிலையும் போட்டிருக்கேன்லா."

ஆசையாகக் கொடுப்பவளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாசல் பூந்தொட்டியில் ஊற்றினார். மறுநாளே அவள் அங்கே நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்தாள். கொல்லைக் கால்வாய்க்கு மாறினார். அவள் துணி துவைக்க அங்கே வந்துவிட்டாள்.

"காத்தாடக் குடிச்சிட்டு வர்றேன்," என்று நொண்டியபடி ரப்பர் தோட்டத்துக்குள் போனார். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த அழகம்மா நிமிர்ந்தாள்.

"குடிங்கண்ணே. பார்த்துக்கச் சொல்லி அக்கா சொன்னுச்சு."

கடைசியில் தோட்டம் தாண்டி ஆற்றுப்பாலம்தான் கதி. தினமும் மூன்று நடை.

இரண்டு மாதம் கழித்து கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த நர்ஸ் வாணி மிஸ்ஸி அசந்துபோனார்.

"ஈரல் நல்லாயிடுச்சேண்ணே. என்ன செஞ்சீங்க?"

ஊற்றிய ஜூஸுக்கே இந்த மகிமையா? தர்மலிங்கத்துக்குக் குற்ற உணர்ச்சியாகப் போய்விட்டது. மனைவியை விட்டுக்கொடுக்க முடியுமா?

"எல்லாம் என் சம்சாரம் கொடுத்த ஜூஸ்தான் மிஸ்ஸி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

"வலி மாத்திரை?"

தர்மலிங்கம் யோசித்தார். மாத்திரையைத் தொட்டே ஒரு மாதம் இருக்கும். அட, முட்டி வலித்தும் நாளாகிவிட்டது.

"மறந்தே போச்சு மிஸ்ஸி."

வாணி மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அக்கா கெட்டிக்காரிதான். 'நடங்கன்னா நடக்க மாட்டாரு மிஸ்ஸி, வாயில வைக்க முடியாத ஜூஸா போட்டுக் கொடுத்து, பக்கத்துல எங்கயும் ஊத்த விடாம பண்றேன்'னு அன்னிக்கே சொல்லிட்டுத்தான் போனாங்க."