பெண்கள் ஓடக்கூடாத கூடைப்பந்து

ஒரு விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அதை மூன்று மாதம் படிப்பிக்கலாம். நான் படிப்பித்திருக்கிறேன், விசிலும் கையுமாக.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விளையாட்டு ஆசிரியர். நெட்போல் எனும் வலைப்பந்துதான் என் இராச்சியம். ஜப்பானில் கூடைப்பந்து விளையாடி ஓய்வு பெற்ற வீராங்கனை ஒருவர் தொண்டராக வருகிறார், பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து எங்கள் பகுதியில் ஒரேயொரு பள்ளிக்குத்தான் பயிற்சி கொடுப்பார் என்று செய்தி வந்தது.

"என்னகா மாஸ்டர், எங்கட புள்ளையளுக்குக் கூடைப்பந்து தெரியுமா?" என்றார் அதிபர்.

"தண்ணிபட்ட பாடு, சேர்!"

(வலைப்பந்துக் கம்பத்தில் ஒரு பலகையை அடித்தால் அது கூடைப்பந்து என்பது என் ஆராய்ச்சி முடிவு.)

பலகையை அடித்தேன். பந்து கைக்கு வந்தால் அசையாமல் நின்று எறிய வேண்டும், எதிராளி மூன்றடி தள்ளி மரியாதையாக நிற்க வேண்டும் என்று வலைப்பந்துச் சட்டத்தையே ஓதினேன். அணியில் என் மகள் அகல்யாவும் இருந்தாள். ஒருநாள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். விசில் அடித்தேன்.

"ரீவியில தட்டித் தட்டித்தானே ஓடுறாங்க, அப்பா?"

"பள்ளிக்கூடத்தில சேர் எண்டு சொல்லு. அது ஆம்புளையள்ட ஆட்டம். பொம்புளையள் ஓடக்கூடா."

ஜப்பான் மிஸ் வந்தார். என் தோளுக்குக்கூட வரவில்லை. (ஆறடியை எதிர்பார்த்து, மாலையோடு வகுப்பறை வாங்கில் ஏறி நின்ற நான் சத்தமில்லாமல் இறங்கினேன்.)

ஆட்டம் தொடங்கியது. பந்து கிடைத்த பிள்ளை சிலையாக நின்றது. மூன்றடி தள்ளி இன்னொரு சிலை. மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொண்டர்களுக்குப் படிப்பித்த புத்தகத் தமிழில் கேட்டார்:

"ஐயா, இவர்கள் ஏன் ஓடவில்லை?"

"பெண்கள் கூடைப்பந்தில ஓடக்கூடாதே, மிஸ்," என்றேன், தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பெருந்தன்மையோடு.

"அப்படியா? நான் பன்னிரண்டு வருடங்கள் ஓடினேன்." முழங்காலில் இருந்த தையல் தழும்பைக் காட்டினார். "குள்ளம் என்று முதல் மூன்று வருடங்கள் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. இந்த முழங்கால்தான் பிடித்தது."

சொல்லிவிட்டுப் பந்தை வாங்கினார். ஐந்து சிலைகளையும் சுற்றி ஓடிப்போய் எறிந்தார். பந்து கூடைக்குள் விழுந்தது. பலகை அதிபரின் காலடியில் விழுந்தது.

"தண்ணிபட்ட பாடெண்டீங்க?" என்றார் அதிபர். அகல்யாவின் கண் கலங்கியிருந்தது. மூன்று மாதம் வெயிலில் காய்ந்த பிள்ளை. அவளைப் பார்க்கத்தான் எனக்கு முகமில்லை.

மிஸ் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பள்ளியை எடுக்கிறேன். எறிவதும் பிடிப்பதும் அருமை. பிழையான ஓட்டம் எதுவும் பழகவில்லை. ஓட்டமே பழகவில்லை! ஆனால் ஐயாவும் பிள்ளைகளோடு பயிற்சிக்கு வர வேண்டும்."

இப்போது அணியில் அகல்யாதான் வேகம். நான்தான் கடைசி.

வீட்டில் புட்டுக்குத் தேங்காய் இல்லையென்றால் மனைவி எழும்புவதே இல்லை. "பொம்புளையள் ஓடக்கூடாதாம். நீங்க ஓடிற்று வாங்க."

நான் வாசல் படலை தாண்டுவதற்குள் மகளின் குரல் வரும்: "தேங்காய் கைக்கு வந்தோன்ன அங்கேயே நிண்டிராதீங்க, அப்பா!"