தாஹிர் ஹாஜியாரின் புல்மோட்டைக் கூட்டாளி

கூட்டாளிக்காக, அதாவது சிநேகிதருக்காக, கேட்பவர் என்றொரு இனம் நம்மிடையே பல்கிப் பெருகி வருகிறது. பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையிலே குரலைத் தாழ்த்தி, "என்ட கூட்டாளி ஒருத்தருக்கு..." என்று இழுப்பார். மூலமும் அந்தக் கூட்டாளிக்குத்தான், மூழ்கிப்போன கடனும் அந்தக் கூட்டாளிக்குத்தான், மச்சானோடு காணி வழக்கும் அந்தக் கூட்டாளிக்குத்தான். இவருக்கு ஒரு தும்மல்கூட வராது. கொடுத்து வைத்த மனிதர்!

கிண்ணியாப் பாலத்தடியில் வலைக்கடை வைத்திருக்கும் தாஹிர் ஹாஜியார் இந்த இனத்தில் போன மாதம்தான் சேர்ந்தார். அதற்கு முன்னர் அவர் நேர்மையாளர். சும்மா நேர்மையாளர் இல்லை, ஒலிபெருக்கி நேர்மையாளர். எங்கள் பக்கத்தில் எதையாவது கண்டெடுத்தால் பள்ளிவாசலில் கொடுத்து, ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்வது வழக்கம். ஹாஜியார் குடை கண்டெடுத்தார், சொல்லச் சொன்னார். ஒற்றைச் செருப்புக் கண்டெடுத்தார், சொல்லச் சொன்னார். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைக் கண்டெடுத்து, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும் என்று அறிவித்தபோது, ஐம்பது ரூபாய்க்கு என்ன அடையாளத்தைச் சொல்வதென்று ஊரே தலையைச் சொறிந்தது. ஒவ்வொரு அறிவித்தலும் "கண்டெடுத்தவர் வலைக்கடைத் தாஹிர் ஹாஜியார்" என்றுதான் முடியவேண்டும். முடியாவிட்டால் பாங்கு சொல்லும் மோதினாரைத் திரும்பச் சொல்ல வைப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய போன் கிணுங்கியது. கணக்கில் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வரவு! யார் போட்டது? தெரியாது. எதற்கு? தெரியாது. கடனுக்கு வலை வாங்கியவர்களில் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் காசு போடுகிறவர் எவரும் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"பேங்கில பிழையாப் போட்டிருப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார் மனைவி உம்மு குல்சும், மீன் கழுவிக்கொண்டே.

அந்த இடத்தில் விஷயம் முடிந்திருக்க வேண்டும், இல்லையா? "உனக்கு இந்தக் கதையெல்லாம் விளங்காது. நாலு பேரிட்டக் கேட்டுத்தான் செய்யோணும்" என்று ஹாஜியார் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

நாலு பேரிடமா கேட்டார்? பதினொரு பேரிடம் கேட்டார். கேட்காத ஒரே இடம் வங்கி.

"புல்மோட்டையில என்ட கூட்டாளி ஒருத்தர்ர கணக்கில..." என்று முனீப் மௌலவியிடம் தொடங்கினார்.

"திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. அது அவருக்கு ஹறாம்" என்றார் மௌலவி, சட்டென்று.

மௌலவிக்கு வயது போதாது என்று ஹாஜியார் முடிவுசெய்தார். சட்டத்தரணி ஒருவர், வைத்திருந்தால் குற்றம் என்றார். அவருக்குப் படிப்புப் போதாது. கயிறு வாங்க வந்த சிவகுரு மாஸ்டரோ வேறு வகையில் படுத்தினார்.

"புல்மோட்டையில எவடம்? நான் அங்க ஒன்பது வருஷம் படிப்பிச்சனான். பேரென்ன?"

"இல்ஹாம்... சந்திக்குக் கிட்ட. அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கு, பாவம்."

பொய்க்கு நீரிழிவு நோய் எதற்கு? ஆனால் ஒன்றைப் பெற்றால் வளர்க்கத்தானே வேண்டும்!

கடைசியில் தேநீர்க் கடையில் ஆட்டோ ஓட்டும் றிஸ்கான் வாய் திறந்தான். "பேங்க்காரன் எங்களிட்ட அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் எண்டு எவ்வளவு புடுங்கிறான்? அல்லாஹ் பார்த்துக் குடுத்திருக்கான், உங்கட கூட்டாளியை வெச்சுக்கொள்ளச் சொல்லுங்க." அறிவாளி என்றால் இவனல்லவோ அறிவாளி! ஹாஜியார் அவனுக்கு வடையும் பிளேன்டியும் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று நாள், வங்கி இயந்திரத்தில் பகுதி பகுதியாகக் காசை எடுத்தார். திருடவா? சீச்சீ! பாதுகாக்க. ஒருமுறை பிழை விட்ட வங்கி இன்னொருமுறை விடாதா? பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு அலுமாரியில் வைத்து, பிறர் பொருளைக் காக்கும் அமானிதம் என்றார். மூன்று நாள் அலைந்த கூலிக்கு அதிலிருந்தே பதினெட்டாயிரம் எடுத்து, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயர் போட்டார். வங்கியிலிருந்து ஆறு தரம் அழைப்பு வந்தது. "பேங்க் எண்டு சொல்லி இப்பக் கள்ளன்மார்தான் எடுக்கிறானுகள்" என்று ஆறு தரமும் வெட்டினார். கள்ளர் விஷயத்தில் அவ்வளவு விழிப்பு!

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. வழமையான அறிவித்தல் அல்ல. ஹாஜியார் வீட்டிலிருந்து நாலாவது வீட்டு இக்ராமின் மகள் அஸ்மியா, வங்கியில் சேர்ந்து ஐந்தே மாதமான பிள்ளை, கணக்கிலக்கத்தில் ஒன்றை மாற்றி அடித்துவிட்டாள். சல்லிக் கிராமத்திலிருந்து சிவக்கொழுந்து என்ற அம்மா படகு எஞ்சினுக்குப் போட்ட காசு வேறொருவரிடம் போய்விட்டது. யாரென்று வெளியே சொல்ல வங்கிச் சட்டம் விடாது. இன்று மாலைக்குள் வராவிட்டால் பிள்ளையின் உத்தியோகம் போய்விடும். காசையும் அவளே கட்டவேண்டும். மோதினார் அதை இரண்டு தரம் சொன்னார், யாரும் கேட்காமலே.

பத்து நிமிடத்தில் ஹாஜியாரின் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே ஆலோசனை சொன்னவர்களில் எட்டுப் பேர், இக்ராம், பின் சீற்றில் அழுது வீங்கிய கண்ணோடு அஸ்மியா.

"ஏறுங்கோ ஹாஜியார்!" என்றார் சிவகுரு மாஸ்டர். "உங்கட கூட்டாளியின்ர கணக்குத்தான் இது. குச்சவெளி றோட்டால போனாப் பின்னேரத்துக்கு முதல் காசோட திரும்பலாம்."

கணக்கு யாருடையது என்று அஸ்மியாவுக்குத் தெரியும். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர்... இப்ப ஊரில இல்ல" என்றார் ஹாஜியார்.

"அப்ப நம்பரைத் தாங்க."

"அவருக்கு... போன் பாவிக்க ஏலாது. சீனி வருத்தம்."

ஹாஜியாரின் வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது உம்மு குல்சும் பால்மாப் பேணியோடு வெளியே வந்தார்.

"ஏன் அவ்வளவு தூரம் போறீங்க? அந்த மனுசன் இப்பதான் பின்வாசலால வந்து இதைத் தந்திட்டுப் போறார். முன்னால வர வெக்கமாம்." பேணியை அஸ்மியாவின் மடியில் வைத்தார். "பதினெட்டாயிரம் குறையுதாம் மகள். அதுக்கு மோட்டார் சைக்கிளை வித்து எடுக்கச் சொல்லி, சாவியையும் தந்திட்டார்."

வலை மிதப்புத் துண்டொன்று கோத்த சாவி. கிண்ணியாவில் அந்தச் சாவியைத் தெரியாதவர் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிவகுரு மாஸ்டர்தான் நெடுமூச்சு விட்டார். "பாவம் மனுசன். சீனி வருத்தத்தோட இனிப் புல்மோட்டைக்கு நடந்தெல்லோ போகோணும்!"

அஸ்மியாவின் வேலை தப்பியது. ஹாஜியார் இப்போது கடைக்கு நடந்துதான் போகிறார். உடம்புக்கு நல்லதாம், வைத்தியர் சொன்னாராம். வீதியில் எது கிடந்தாலும் தாண்டிப் போகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன கிழமை யாரையோ ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் கேட்டீர்களே, உங்கள் கூட்டாளிக்காக? அவர் இப்போது எப்படி இருக்கிறார், சுகம்தானே?