ஆறாம் கட்டில் மேனேஜர்

இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். 'எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது' என்பதை மட்டும் நிரூபிக்க முடியாது. சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லுங்கி கட்டிக்கொண்டு ஒரு கட்டிலில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆரம்பாக்கம் போகும் வழியில் தெரிந்தவர் ஒருவர் முதியோர் இல்லம் நடத்தினார். என்னை அங்கே மேனேஜராகக் கூப்பிட்டார். போல்ட்டைப் பார்த்துக்கொண்டவனுக்கு மனுஷனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று அவர் நினைத்தார். அதைவிடக் கொடுமை, நானும் அப்படியே நினைத்தேன்.

அந்த வருடம் இல்லத்தின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விதி. தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மருத்துவப் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்க வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எப்போது, எப்படி என்று. குடும்பத்தாரையும் கேட்டு எழுத வேண்டும். எழுதினால் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும் (இந்த இடத்தில்தான் அரசாங்கம் கொஞ்சம் ஓவராகப் போகிறது என்று அப்போது நினைத்தேன்). திருவள்ளூரிலிருந்து வரும் அதிகாரி திருப்தி ஆகாவிட்டால் இல்லத்தை மூட வேண்டியதுதான். அங்கிருந்த பன்னிரண்டு பேரும் எங்கே போவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நானா அசருவேன்? கம்பெனியில் ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஓர் அட்டை தொங்கும். எப்போது எண்ணெய் விட வேண்டும், எந்தப் பாகம் வீக் என்று அதில் இருக்கும். அதே மாதிரி பன்னிரண்டு கட்டிலுக்கும் பன்னிரண்டு அட்டை எழுதி, லேமினேட் செய்து, தலைமாட்டில் மாட்டினேன். மெஷினுக்குக் கால் கிடையாது என்ற அற்ப விஷயத்தை மட்டும் கவனிக்கவில்லை.

பராமரிப்பு வேலை பார்த்த தேவகி தலையைச் சொறிந்தாள்.

"சார், இவுங்க ஒரு எடத்துல குந்துற ஆளுங்களா? காத்து வர்ற கட்டில்ல போயி படுத்துக்குவாங்களே."

"தேவகி, நீ யோசிக்காத. அட்டையில என்ன இருக்கோ அதைச் செய். அதிகாரி முன்னாடி சொந்தமா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"செரி சார். அட்டைல இன்னா கீதோ அத்த செய்றேன்."

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்த அட்டை ஆறாம் கட்டிலுடையது. கஜபதி சார் ஒரு காலத்தில் ரோலிங் மில் மேனேஜர். இப்போது ஞாபக மறதி. செவ்வாப்பேட்டையில் இருக்கும் அவர் மகளிடம் போனில் கேட்டு, என் கையாலேயே எழுதினேன்: 'தான்தான் இங்கே மேனேஜர் என்பார். மறுக்கக் கூடாது. "ஆமா சார்" என்று ஒத்துக்கொள்ளவும். கோபம் கூடினால் கையைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டரிக் கதையைக் கேட்கவும். பதினொரு மணிக்கு உப்பில்லாத கேழ்வரகுக் கூழ்.'

ஆய்வு நாள் வந்தது. எல்லாம் என் மேற்பார்வையில் நடக்க வேண்டுமே! சமையலறையில் வழியில் இருந்த கூழ்ப் பாத்திரத்தை நானே தூக்கி நகர்த்தினேன். பாதிக் கூழ் என் சட்டையிலும் பேண்டிலும். வழுக்கியதில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. மனைவி சரோஜாவுக்குப் போன் போட்டு வேறு துணி கொண்டுவரச் சொன்னேன். இல்லத்தின் நீல லுங்கியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு, பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தேன். நம்பர் பார்க்கவில்லை.

அதிகாரி அம்மா சீக்கிரமே வந்துவிட்டார், கூடவே ஓர் இளம் டாக்டர். என் அறையில், என் நாற்காலியில், முழுக்கைச் சட்டையை இன் செய்துகொண்டு கஜபதி சார் உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்தால் அவருக்கு அதுதான் இடம். வரவேற்று, அவரே கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார்.

"வாங்க மேடம். இவரு நம்ம ஆறாம் நம்பர். நல்ல மனுசன்தான். கோவம் மட்டும் வரும்."

எழுந்திருக்கப் பார்த்தேன், பிடித்த இடுப்பு விடவில்லை.

"மேடம், நான்தான் இங்க மேனேஜர்!"

அந்த அம்மா என் தலைக்கு மேலே அட்டையைப் படித்தார். முகம் அப்படியே இளகிவிட்டது.

"ஆமா சார். நீங்கதான் மேனேஜர்."

"அய்யோ, நெஜமாவே மேடம்!"

"நெஜமாவேதான் சார்."

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, "பி.பி. எகிறுது மேடம்" என்றார். எகிறாமல்? அடையாள அட்டையைக் காட்டலாமென்றால் அது சட்டைப் பையில், கூழுக்குள். நல்லவேளையாக மிச்சக் கூழை டம்ளரில் எடுத்துக்கொண்டு தேவகி வந்தாள்.

"தேவகி! நான் யாருன்னு நீயே சொல்லும்மா!"

என்னைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"ஆமா சார், நீதான் மேனேஜரு. கூழு குடி, ஆறிடப் போவுது."

அடிப்பாவி! நான் கத்தினேன். கத்தினேனா, கோபம் கூடிவிட்டதல்லவா? அதிகாரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஃபேக்டரியில எத்தனை பேர் சார் வேலை செஞ்சாங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்தது. கோளாறான போல்ட்டுகள் ஏற்றிய லாரியை நான் கேட்டிலேயே மறித்த கதையை முழுக்கச் சொன்னேன். நடுவில் கூழையும் குடித்துவிட்டேன். பி.பி. இறங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சரோஜா துணிப் பையோடு வந்தாள்.

"இன்னாங்க இது, பனியனோட குந்திகினு கீறீங்க?"

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?" என்றார் அதிகாரி.

"ஊட்டுக்காரரு மேடம்."

"அய்யா தன்னை மேனேஜர்னு சொல்லிட்டிருக்காரு..."

"ஊட்லயும் அப்டித்தான் மேடம் சொல்லிகினு கீறாரு."

ஆசை தீரச் சிரித்த பிறகுதான் அவள் உண்மையைச் சொன்னாள். தேவகியும் அதற்கப்புறம் தலையை ஆட்டினாள். டாக்டர் சிரித்தார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை.

"சார், கஜபதி அய்யாவுக்குப் போக வேண்டியதை நீங்க குடிச்சிட்டீங்க. கூழா இருந்ததால சரியாப் போச்சு. மாத்திரையா இருந்திருந்தா?"

திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டில்காரருக்குச் சர்க்கரை. அவர் அந்த நிமிடம் காற்றுக்காக மூன்றாம் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே பயந்துபோனேன்.

"திட்டம் நல்லா எழுதியிருக்கீங்க. வேலை செய்யுதுன்னு நானே பார்த்துட்டேன். ஆனா அது ஆளோட போகணும் சார், கட்டிலோட இல்ல." ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அட்டைகளைக் கழற்றினோம். ஒவ்வொருவர் திட்டத்திலும் அவரவர் போட்டோவை ஒட்டினோம். இப்போது முகத்தைப் பார்க்காமல், பெயரைக் கேட்காமல் தேவகி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. பதிவு புதுப்பித்தாகிவிட்டது, பன்னிரண்டு பேரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். கஜபதி சார் மட்டும் தினமும் என்னை விசாரிக்கிறார்: "இன்னா ஆறாம் நம்பர், கூழு குடிச்சியா?"

வீட்டில் என் பாடு இன்னும் பேஜாரு. டிவி ரிமோட்டுக்காகக் குரலை உயர்த்தினாலும், "ஆமா சார், நீங்கதான் மேனேஜரு" என்கிறாள் சரோஜா. மாப்பிள்ளை உட்பட எல்லாரும் கோரஸ். அதற்கும் நான் அடங்காவிட்டால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"அந்த லாரிய மறிச்சீங்களே, அந்தக் கதய சொல்லுங்க."

அவளுக்கு மனப்பாடமான கதை. சொல்லக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். சொல்லிவிடுகிறேன், கோபமும் போய்விடுகிறது. என்ன செய்வது, அட்டையை எழுதினவன் நான்தானே!