ரஷ்யா வாத்துக்குப் பிடித்த சளி

தை மாதத்தில் தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கத்து ஏரிக்கு ரஷ்யாவிலிருந்து வருகிற வெளிநாட்டு வாத்துகள், முன்அனுமதி பெறாமல் என்னென்ன வைரஸைக் கொண்டுவருகின்றன, அதன் மரபணு எந்தத் தேசத்தைச் சேர்ந்தது என்று ஆராய அரசு திருவுளம் கொண்டது. மாதிரி எடுக்க அதிகாரி ராஜப்பன் வந்தார். ஜீப்போடும், எந்த மருந்துக்கும் அடங்காத சளியோடும் வந்தார்.

ஜீப் சத்தம் கேட்டதுமே காட்டு வாத்துகள் கூண்டோடு பறந்தன. ஏரிக்கரையில் குடியிருக்கிற ஜான் பீ வளர்க்கிற வாத்துகள் மட்டும், தவிடு வருகிறதென்று நினைத்து ஓடிவந்தன. பாவம், அதுகளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

"சார், இது எங்க வூட்டு வாத்துங்க!"

"ஒரே தண்ணியில நீந்துதில்ல? அப்போ ஒரே இனந்தாம்மா" என்று ராஜப்பன் ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். எடுத்த கையோடு குச்சியின் மேலேயே தும்மினார். 'வெளிநாட்டுப் பறவை' என்று சீட்டும் ஒட்டினார்.

வைகாசியில் முடிவு வந்தது. வாத்து வாயிலிருந்த வைரஸ், மரபணு வாரியாகப் பார்த்தால், மனிதருக்கு வருகிற சளியேதான்! ரஷ்யா வாத்து தருமபுரிக்குச் சளியைக் கடத்திவிட்டதென்று மேலிடம் நடுங்கியது. மாதிரி தந்த பறவைகளைக் கொன்று புதைக்கும்படி ஆணை பிறந்தது.

ஆணையோடு ராஜப்பனே, அதே சளியோடு, மறுபடி வந்தார். அந்த வாத்துகளின் முட்டையை விற்றுத்தான் ஜான் பீ வீட்டில் அடுப்பு எரிகிறது.

"தும்முனது நீங்கதானே சார்?"

"ஆபீஸருக்கு வர்ற சளி வேறம்மா. அது சீசன் சளி."

பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் மண்வெட்டியோடு வந்துவிட்டார்; பின்னாலேயே பாதி ஊரும் வந்தது. "ஊரு நல்லதுக்குத்தான் ஜான் பீ!"

ஜான் பீ முந்தானையை இழுத்துச் செருகினாள். "வெளிநாட்டுப் பறவைன்னுதானே சீட்டு ஒட்டினீங்க? அதுங்க மாசியிலயே ரஷ்யாவுக்குப் போயிடுச்சுங்க சார். இது எங்க வாத்து. புதைக்கணும்னா அங்க போயிப் புதைங்க."

ராஜப்பன் முகம் மலர்ந்தது. 'குற்றம் புரிந்த பறவைகள் தாயகம் திரும்பிவிட்டன' என்று எழுதினால் கோப்பு மூடப்படும். குழி வெட்டும் வேலையும் மிச்சம்.

ஜான் பீ மூச்சு விடுவதற்குள் நஞ்சப்பன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஃபாரின் சேலை, ஃபாரின் சென்ட் என்றால் ஊரே உயிரை விடுகிற காலம் அது.

"ஏம்மா, ரஷ்யா வாத்து போறதுக்கு முந்தி முட்டை கிட்டை வச்சிட்டுப் போச்சுங்களா?" என்று குழைந்தார் நஞ்சப்பன்.

மாசியில் போன வாத்தின் முட்டை வைகாசிவரை எப்படித் தாங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜான் பீ உள்ளே போய் தினமும் விற்கக் கொண்டுபோகிற அதே பழைய முட்டைக் கூடையைத் தூக்கிவந்து வைத்தாள்.

எல்லோரையும் இடித்துக்கொண்டு முதலில் வந்தவர் ராஜப்பன்தான். "நம்ம சம்சாரத்துக்கு ஃபாரின்னா உசுருங்க, பெருசாப் பாத்துக் குடுங்க" என்று குனிந்தார்.

குனிந்தவர் கூடை முழுக்கத் தும்மினார்.