பக்கத்துக்கு ஒரு மறுப்பு

பாக்தாத் மக்கள் தவறாகச் சிந்தித்துவிடக் கூடாது என்ற பேரக்கறையினால், தத்துவ நூல்களைப் படியெடுப்பதும் விற்பதும் தடை செய்யப்படுவதாகக் காகிதக்காரர் அங்காடியில் முரசறைந்தார்கள். அங்காடி அதிகாரி சஃப்வான் அவர்கள் நேரில் வந்து பூட்டப்போன முதல் கடை துர்ராவுடையது. கணவர் இறந்தபின் நூல்களைப் படியெடுத்து விற்றுத்தான் அவள் பிழைத்துவந்தாள். அலமாரியில் இருந்ததெல்லாம் தத்துவம்.

பூட்டு தொங்குவதற்குள் இறையியல் அறிஞர் அபூ லுபாபா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“கைசானோட புத்தகம் ஒண்ணு குடும்மா. அந்தத் தத்துவக்காரனைக் கிழிகிழின்னு கிழிச்சு ஒரு மறுப்பு எழுதணும்.”

“தடை போட்டாச்சுங்களே. போடச் சொன்னதே நீங்கதானாமே?”

“அது மத்தவங்களுக்கு!”

சஃப்வான் தாடியை நீவினார். “மறுத்த நூலை விக்கலாம். மறுக்காததைத்தான் விக்கக் கூடாது.”

“வாங்காம அவர் எப்படிங்க மறுப்பாரு?” என்றாள் துர்ரா.

அரசாங்கம் சிந்திக்கத் தொடங்கியது. ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பும்வரை சிந்தித்தது.

“அப்போ நீயே மறுத்துட்டு வித்துடு.”

“நானா?”

“எழுதத் தெரியுமில்ல? பக்கத்துக்கு ஒரு மறுப்பு. போதும்.”

அன்று முதல் துர்ரா தான் படியெடுத்த நூலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இது தவறு’ என்று எழுதினாள். சஃப்வான் வந்து கடைசி வரியை மட்டும் சரிபார்த்து முத்திரை குத்தினார். அதற்கு மேலே உள்ளதைப் படிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அதுவரை தூசி மட்டுமே தொட்டுப் பார்த்த கைசானின் நூல், விற்றுப் பறந்தது. குளியல் கூடங்களில் இளைஞர்கள் உலகம் தொடக்கமற்றது என்பதற்கான வாதங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, “இது தவறு” என்று முடித்துத் துண்டை உதறினார்கள். அதுவே நாகரிகமாயிற்று. இறைச்சிக்காரர் விலை சொன்னால், இது தவறு. மாமனார் கடனைக் கேட்டால், அதுவும்.

அபூ லுபாபாவின் மறுப்பு மட்டும் விற்கவில்லை.

“அவர் சொன்னதை நிறையச் சேருங்க, நீங்க சொன்னதைக் குறைங்க,” என்று துர்ரா யோசனை சொன்னாள். குறைத்தார். விற்றது.

ஒருநாள் கைசானே கொதித்துக்கொண்டு வந்தார். “என் வாழ்நாள் உழைப்பும்மா! பக்கத்துக்குப் பக்கம் தவறுன்னு போட்டிருக்கியே!”

“எடுத்துடட்டுங்களா?”

அவர் வாசலில் நெருக்கியடித்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “வேணாம்... கொஞ்சம் பெரிசா எழுத முடியுமா?”

இப்படி எல்லாரும் நன்றாக இருந்த வேளையில் புதிய வஜீர், அதாவது தலைமை அமைச்சர், பதவியேற்றார். அவர் தத்துவப் பிரியர். தடையை நீக்கி, அந்த வரியையும் சுரண்டச் சொன்னார். அவ்வளவுதான். துர்ராவின் கடையில் ஈ கூட உட்காரவில்லை. வாடகை கட்ட வழியில்லாமல் கடையைக் காலி செய்ய வேண்டிய நிலை.

கடைசியில் துர்ரா, கைசான், அபூ லுபாபா, சஃப்வான் நால்வரும் ஒரே படகில் ஆற்றைக் கடந்து வஜீரைப் பார்க்கப் போனார்கள். தத்துவமும் இறையியலும் அருகருகே உட்கார்ந்து சென்ற முதல் பயணம் அதுவே.

“தடையை நீக்கினா, திரும்பப் போடுங்கறீங்களே. ஏன்யா?” என்றார் வஜீர்.

“யாரும் படிக்க மாட்டேங்கறாங்க ஐயா,” என்றார் கைசான்.

“படிக்காததை நான் எப்படி மறுக்கிறது?” என்றார் அபூ லுபாபா.

“எனக்குச் சரிபார்க்க ஒரு வரிகூட இல்லைங்க,” என்றார் சஃப்வான்.

வஜீர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொன்னா, தடை போனதுலேருந்து நானும் பிரிச்சுப் பார்க்கல.”

உடனே அவர் தடை உத்தரவைச் சொல்லச் சொல்ல, துர்ரா அழகிய கையெழுத்தில் எழுதினாள். பழகிய கை, அடியில் பெரிய எழுத்தில் ‘இது தவறு’ என்று எழுதி முடித்தது. சஃப்வான் கடைசி வரியைச் சரிபார்த்தார், முறைப்படி இருந்தது, முத்திரை குத்தினார்.

உத்தரவு அங்காடி வாசலில் தொங்கியது. ஊரே நின்று படித்தது. யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மாலைக்குள், அந்த உத்தரவுக்கே பிரதி கேட்டு, துர்ராவின் கடை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது.